ரொட்டி, கேக், காக்கா பேக்கரி: படப்புத்தகக் கேள்வி பதில்

ரொட்டியும் கேக்கும் வரும் குழந்தைகள் படப்புத்தகங்களைப் பற்றி நம் வாசிப்பு வட்டத்தில் கேட்டவர்களுக்கான பதில்கள்.

பேக்கரி கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என் மூன்று வயது மகள். எதில் ஆரம்பிக்கலாம்? (கோபி)

அவளுக்கென்றே ஜப்பானில் ஒரு புத்தகம் இருக்கிறது. காகோ சதோஷி எழுதி வரைந்து 1973-இல் வந்த காக்கா பேக்கரிக் கதை. காட்டில் பேக்கரி வைத்திருக்கும் காக்காத் தம்பதிக்கு நாலு குஞ்சுகள் பிறக்கின்றன. குஞ்சுகளைப் பார்ப்பதா, அடுப்பைப் பார்ப்பதா? ரொட்டி கருகி வியாபாரம் படுத்துவிடுகிறது. அப்புறம் எப்படித் தேறுகிறது என்பதுதான் கதை. நடுவில் இரண்டு பக்கம் முழுக்க விதவிதமான உருவங்களில் ரொட்டிகள். அந்த இடத்தில் நீங்கள் வாசிக்கவே வேண்டாம், விரலை வைத்து அவளே "எனக்கு இது" என்று எடுத்துக்கொள்வாள்.

வீட்டில் ஓவன் இல்லை. கதை முடிந்ததும் "நாமும் செய்யலாம்" என்று பையன் நிற்கிறானுங்க. (பல்லடம்)

அப்படியென்றால் 'குரியும் குராவும்'. நகாகவா ரியெகோவின் ஜப்பானியக் கதை, 1963. இரண்டு வயல் எலிகள் பெரிய முட்டை ஒன்றைக் கண்டெடுக்கின்றன. வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாததால் வாணலியை முட்டை இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து, காட்டிலேயே அடுப்பு மூட்டி கேக் செய்கின்றன. வாசனைக்கு மிருகங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஓவன் பேச்சே கிடையாது. நீங்களும் மூடி போட்ட கனமான வாணலியில் சிறுதீயில் செய்யலாம். குக்கர் என்றால் கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

பையன் பன்தான் வேண்டும் என்றால் ஈஸ்ட் மாவு பிசையுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில், செய்முறையில் போட்ட நேரத்துக்கு முன்பே மாவு பொங்கிவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். பையனை ஒரு விரலால் குத்தச் சொல்லுங்கள்: குழி சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் பொறுக்கணும், மெதுவாகப் பாதி எழும்பினால் தயார். பச்சை மாவை மட்டும் நக்க விடாதீர்கள். முட்டை சேர்க்காவிட்டாலும் வேகாத மாவில் கிருமி இருக்கலாம்.

சிவப்புக் கோழி கதையில், வேலைக்கு உதவாத நண்பர்கள் யாருக்கும் கோழி கடைசியில் ரொட்டி தருவதில்லையே, இதைச் சொல்லலாமா? (ஈரோடு)

தாராளமாக. விதைப்பது, அறுப்பது, அரைப்பது, சுடுவது என்று ஒரு ரொட்டியின் முழு வேலையும் அதில் வரிசையாக வருகிறது. எனக்கு அதுதான் முக்கியம். கோழி செய்தது சரியா என்று பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

'இன் த நைட் கிச்சன்' புத்தகத்தில் பையன் துணியில்லாமல் வருகிறானாமே? (கோவை)

ஆமாம். மாரிஸ் சென்டாக் எழுதி வரைந்தது, 1970. கனவில் மிக்கி என்ற பையன் கேக் மாவுக்குள் விழ, சமையல்காரர்கள் அவனையும் சேர்த்துச் சுடப் பார்க்கிறார்கள். அந்தப் படங்களுக்காக அமெரிக்க நூலகங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. சிலர் படத்தின் மேல் டயப்பரே வரைந்துவிட்டார்கள்! வாய்க்காலில் அம்மணமாகக் குதிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு: கதை கனவுபோல ஓடுவதால் நாலு வயதுக்குக் கீழே பிடிபடாது.

பன்னெல்லாம் எங்க காலத்துல காய்ச்சல் வந்தா வாங்கித் தர்றது. கச்சாயம், ஒப்புட்டுக்குப் புத்தகம் இல்லையா கண்ணு? (காங்கேயம், ஓர் அம்மாயி)

நியாயமான கேள்விங்க அம்மாயி. வேறு யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே சொல்லுங்கள், பேத்தி வரையட்டும். கச்சாயம் என்றால் அரிசி ஊறுவது, வெல்லம் சேர்த்து ஆட்டுவது, எண்ணெயில் உப்பி மேலே வருவது என்று எட்டுப் பக்கம் தாராளமாக வரும். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வரையச் சொல்லுங்கள்.

எல்லாம் விலை அதிகம். இலவசமாக? (திருப்பூர்)

பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கின்றன. இலவசம், அச்சிட்டும் கொள்ளலாம். அங்குள்ள படங்களை எடுத்து நீங்களே புதுக்கதையும் எழுதலாம். அம்மாயியின் பேத்திக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.