வாசகர் கேள்வி - பதில்: பள்ளி திறந்த மாதத்தில் வீடு சேர வேண்டிய செய்தி

(உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.)

கேள்வி: பாப்பாக்குடி ஒன்றியத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சென்ற ஆண்டு தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். ஜூன் மாதத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு முறை அழைத்தும் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. சுற்றறிக்கையைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் அது பைக்குள்ளேயே கசங்கிப் போகிறது. தாய்மார்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறார்கள். தந்தையர் பலர் கேரளத்திலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால், ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ என்ற குறை மட்டும் மார்ச் மாதத்தில் தவறாமல் வந்துவிடுகிறது. இந்த ஆண்டு என்ன செய்யலாம்?
- ஒரு தலைமையாசிரியை

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என்னுடைய பழைய தவறு ஒன்றை நினைவூட்டியது. தலைமையாசிரியரான இரண்டாம் ஆண்டில், எதையும் விடாமல் தெரிவித்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், பள்ளி நேரம், சீருடை, தேர்வு அட்டவணை, ஒழுங்கு விதிகள், நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் அடங்கிய எட்டுப் பக்க அறிக்கை ஒன்றை அச்சடித்து வீடுதோறும் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு மாணவனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய தாயார் மடியில் வைத்திருந்த சுளகில், பீடித் தூளுக்கு அடியில், அந்த அறிக்கைதான் விரித்துக் கிடந்தது. நான் பார்த்துவிட்டதை உணர்ந்து அவர் கூசிப்போனார். ‘படிச்சுப் பாத்தேன் சார்வாள், இதுல எம் மவனப் பத்தி ஒண்ணும் போடலியே’ என்றார். எட்டுப் பக்கத்திலும் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லைதான்.

அதன்பிறகு ஜூன் மாதக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட நான் விட்டதில்லை. பிள்ளையின் பெயரைக் கையால் எழுதி, வகுப்பாசிரியர் யார், அவரிடம் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்குப் பேசலாம், மாலையில் சிறப்பு வகுப்பு உண்டென்றால் அது எப்போது முடியும், அந்தப் பிள்ளை பள்ளியில் கொடுக்க வேண்டிய சான்று ஏதேனும் பாக்கி உள்ளதா என்பவற்றை மட்டும் சொன்னால் போதும். சீருடை விதியும் நன்கொடையாளர் பட்டியலும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். கடிதத்தின் அடியில் கத்தரித்துத் திருப்பித் தரும்படி ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். பெற்றோருடன் பேசுவதற்கு ஏற்ற நேரம், எடுத்துப் பேசுகிறவருடைய எண், ‘எங்கள் பிள்ளையைப் பற்றிப் பள்ளி அறிந்திருக்க வேண்டியது’ என்று மூன்று வரி இடம், அவ்வளவுதான். பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதும், வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்பதும், அண்ணனோடு கடைக்குப் போவதால் காலையில் தாமதமாகிறது என்பதும் அந்த மூன்று வரியில்தான் வந்து சேரும். சீட்டு திரும்பி வராத வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றே கணக்கில் வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளையே எழுதட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை.

அலைபேசி எண் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவில் உள்ள எண் பல வேளைகளில் சேர்க்கையன்று உடன் வந்த சித்தப்பாவுடையதாகவோ, சிம் மாற்றிவிட்டு வெளிநாடு போன தந்தையுடையதாகவோ இருக்கும். அந்த எண்ணுக்கு எத்தனை குறுஞ்செய்தி போனாலும் தாய்க்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் முப்பத்தாறு பேர் என்றால் வகுப்பாசிரியர் நாளைக்கு மூன்று வீடுகளுக்குப் பேசினால் பன்னிரண்டு வேலைநாட்களில் எல்லா எண்களையும் சரிபார்த்துவிடலாம். அந்த முதல் அழைப்பில் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே ‘என்ன வம்பை இழுத்து வைத்தானோ’ என்று பதறிப் பழகிய வீடுகள் நம்முடையவை; அடுத்த முறை குறை சொல்ல அழைக்கும்போதும் அவர்கள் எடுக்க வேண்டும் அல்லவா?

கூட்டத்துக்கு வராததை அக்கறையின்மை என்று எண்ண வேண்டாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, போக வர மூன்று மணி நேரம் என்பது சில நூறு பீடிகளின் கூலி. இலையும் தூளும் வாங்கவும், சுற்றியதை ஒப்படைக்கவும் அவர்கள் கடைக்குப் போகும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். அதை விசாரித்து அறியாமல் கூட்டத்துக்கு நேரம் குறிக்கக் கூடாது. அதைவிட நல்லது, நீங்களே தெருவுக்குப் போவது. அம்மன் கோயில் முன்னாலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பார்கள். கை வேலையில் இருந்தாலும் காது நம்மிடம்தான் இருக்கும். பள்ளி மண்டபத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் ஆயத்தமாகப் போக வேண்டியிருக்கும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துக்கு மட்டும் அவர்களை அழைக்காமல், தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால், சீட்டு திரும்பாத வீடு எது, ஏன் என்பது உங்களுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் உள்ள தந்தையருக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு வியாழன் இரவு அனுப்பினால் நிதானமாகக் கேட்பார்கள்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு வரை ஒரு சிக்கலும் இல்லாமல் மேலே வந்துவிட்டான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பையன் சென்ற ஆண்டு ஒன்பதில் தவறிவிட்டதைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறோம். அரசுப் பள்ளியில் யாரிடம் என்ன கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.
- பீடி சுற்றும் தாய், முக்கூடல் அருகே

பதில்: அம்மா, நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, ஒன்பதிலிருந்து மதிப்பெண் பார்க்கப்படும். இதைப் பள்ளி உங்களிடம் ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் போய்க் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வகுப்பாசிரியரைப் பார்த்து, ‘பையன் எப்படிப் படிக்கிறான்?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘பரவாயில்லை’ என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்றும், தமிழைத் தடையில்லாமல் வாசிக்கிறானா, வகுத்தல் கணக்கு போடுகிறானா என்றும் கேளுங்கள். மாதத் தேர்வின் விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வருகிறது. அதுவரை காத்திருந்தால் மூன்று மாதம் போய்விடும்.

பள்ளி மாற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2020-இல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் சேரும் மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும், மாணவிக்கான புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கானவை. ஒன்பதில் தனியார் பள்ளிக்குப் போனால் இவை எல்லாம் கைவிட்டுப் போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மாற்ற விரும்பினால் அது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், அந்தக் கடனை வாங்க வேண்டாம் என்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. தேர்வு பெற்றால் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் ஒரு போட்டித் தேர்வை எழுதிப் பார்த்த பழக்கம் பையனுக்கு நல்லது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் (என்.எம்.எம்.எஸ்.) தேறியிருந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைத்திருக்கும். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்காக நினைவில் வையுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு தரும் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வருமானச் சான்று தேவைப்படும் என்பதால், கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்காமல் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனும் மருமகளும் மும்பையில் இருக்கிறார்கள். பேத்தி எங்களிடம் வளர்கிறாள். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. பள்ளியின் செய்திகள் எல்லாம் மகனுடைய எண்ணுக்குப் போகின்றன. அவன் வேலை முடிந்து பார்த்து எங்களுக்குச் சொல்வதற்குள் நாள் கடந்துவிடுகிறது. தாத்தா என்ற முறையில் எனக்குப் பள்ளியில் பேச உரிமை உண்டா?
- கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: ஐயா, உரிமை உண்டு. நான் மேலே சொன்ன சட்டமே ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றுதான் பேசுகிறது. மகனிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், உங்கள் எண்ணையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும்படி கேளுங்கள். ஆச்சியின் எண்ணையும் கொடுத்து வைத்தால் நல்லது. அவசரத்தில் எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

பத்தாம் வகுப்பு என்பதால் உங்களுக்கு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் மாணவியின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை எப்படி ஏறுகின்றனவோ அப்படியே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும். நம் பக்கத்துப் பெயர்களில் இந்தத் தொல்லை அதிகம். இசக்கியம்மாள் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஆதாரில் ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்கும், பிறப்புச் சான்றில் ‘ஐ’ என்ற எழுத்தில் தொடங்கும், பள்ளிப் பதிவேட்டில் நடுவில் ஓர் எழுத்து கூடியிருக்கும். மூன்றையும் எடுத்துவைத்து ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் ஜூன், ஜூலையிலேயே பள்ளியில் சொல்லிவிடுங்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண் என்பதால், செய்முறை வகுப்புகள் எந்த நாட்களில் நடக்கும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு அந்த நாட்களில் ஊருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லா மாணவர்களின் மதிப்பெண்களையும் போட்டால் போட்டி மனப்பான்மை வளரும் என்று சக ஆசிரியர் சொல்கிறார். சரிதானா?
- பட்டதாரி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: சரியன்று. மதிப்பெண் அந்தந்த வீட்டுக்குத் தனியாகப் போகட்டும். குழுவில் நாளைக்குப் பள்ளி உண்டா, எத்தனை மணிக்கு விடும் என்பவை போன்ற பொதுச் செய்திகள் மட்டும் வரட்டும்; காலை வணக்கப் படங்களை முதல் நாளே தடுத்துவிடுங்கள். அவற்றுக்கு நடுவில்தான் தேர்வுத் தேதி காணாமல் போகிறது.

கேள்வி: நாங்கள் நெல்லை நகரத்தில் நடத்தும் பள்ளியில், ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதால், அன்று காலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வைக்கலாமா?
- பள்ளி அலுவலர், திருநெல்வேலி

பதில்: அன்று நெல்லையப்பரே கோயிலில் இருக்க மாட்டார்; பெற்றோர் மட்டும் உங்கள் மண்டபத்துக்கு எப்படி வருவார்கள்? தேருக்கு முந்திய வாரத்துச் சனிக்கிழமை மாலை வையுங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து நடவு நடக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நடவு நாட்களாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் அவர்களால் வர முடியும், திரும்பிப் போவதற்குப் பேருந்தும் இருக்க வேண்டும்.