நள்ளிரவு வெயிலுக்கு விலை என்ன?

நார்வே கோடைப் பயணம் பற்றி வந்த கடிதங்கள் இந்த வாரம். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். என்னைத் திட்டியவற்றை வெட்டவில்லை.

கே: சென்னை ஏஜென்ட் ஒருவர் ‘நள்ளிரவுச் சூரியன், நார்தர்ன் லைட்ஸ் இரண்டும் ஒரே பயணத்தில்’ என்று விளம்பரம் செய்திருந்தார். போன ஜூன் மாதம் நாலரை லட்சம் கட்டிப் போனேன். ஆஸ்லோ, பிளாம், பெர்கன், அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. கேட்டால், “இருட்டவே இல்லையே சார், அதுதான் அது” என்கிறார். (மயிலாப்பூர் வாசகர்)

ப: ஐயா, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. அட்சரேகையைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் நம்மில் எத்தனை பேர்?

சூரியன் நள்ளிரவிலும் மறையாமல் நிற்க வேண்டுமென்றால் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகவேண்டும், அதாவது சுமார் 66½ டிகிரிக்கு வடக்கே. ஆஸ்லோவும் பெர்கனும் 60 டிகிரி பக்கத்தில் இருக்கின்றன. நடுக் கோடையில் ஆஸ்லோவில் சூரியன் இரவு பத்தே முக்காலுக்கு மறைந்து, விடிகாலை நாலுக்குள் எழும். நடுவில் வெளிச்சம் இருக்கும், சூரியன் இருக்காது. ட்ரொம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வரை மறையாது. நார்ட்காப் முனையில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. பூடோவில் ஜூன் 4 முதல் ஜூலை 8 வரைதான்.

துருவ ஒளி, அதாவது அந்த நார்தர்ன் லைட்ஸ், சங்கதி இதைவிட மோசம். அதைப் பார்க்க வானம் இருட்டாக இருக்கவேண்டும். சூரியன் மறையாத ஊரில் இருட்டுக்கு எங்கே போவது? இரண்டையும் ஒரே ஜூன் மாதத்தில் விற்றவருக்கு ஒன்று விவரம் தெரியாது, இல்லை மனசாட்சி கிடையாது.

விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, பயணத் திட்டம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கே: நார்ட்காப் வரை போயும் ஒரே பனிமூட்டம். சூரியனே தெரியவில்லை. கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (கோவை)

ப: முடியாது. மேகத்துக்கு யாரும் கியாரண்டி கொடுப்பதில்லை.

கே: ஸ்வால்பார்டில் இருக்கும் லாங்இயர்பியனுக்குப் போக வர டிக்கெட் எடுத்துவிட்டேன், ரத்து செய்தால் காசு வராத டிக்கெட். இப்போதுதான் ஒருவர், “உன் ஷெங்கன் விசா சிங்கிள் என்ட்ரி, திரும்பி வரமுடியாது” என்கிறார். பயப்பட வேண்டுமா? (பெங்களூரு)

ப: வேண்டும். ஸ்வால்பார்ட் தீவுகள் நார்வேயைச் சேர்ந்தவைதான், ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா வட்டாரத்துக்கு வெளியே. ஆஸ்லோவிலிருந்து அங்கே பறந்த நிமிடமே உங்கள் ஒரே நுழைவு தீர்ந்துவிடும். ஊருக்குத் திரும்ப ஆஸ்லோ வழியாகத்தானே வரவேண்டும்? இரட்டை நுழைவு விசாவுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள், இன்னொரு 90 யூரோ. டிக்கெட் வாங்கிய ராத்திரி பத்து நிமிடம் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ‘நான்-ரீஃபண்டபிள்’ பொத்தானை அவ்வளவு அவசரமாக அமுக்க என்னதான் அவசரமோ.

கே: கார்டு மெஷினில் “ரூபாயா, நார்வே குரோனரா?” என்று கேட்கிறது. ரூபாய் என்றால் கணக்கு சுலபம்தானே? (மதுரை)

ப: என் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டீர்கள்.

2019இல் பெர்கன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஸ்வெட்டர் வாங்கினேன். 1,200 குரோனர். மெஷினில் ரூபாய்த் தொகை பளிச்சென்று வந்தது. ஆகா, நம்மூர்க் கணக்கு என்று பச்சைப் பொத்தானை அமுக்கினேன். அறைக்கு வந்து கணக்குப் போட்டால் 600 ரூபாய் போலக் கூடுதல். (ஸ்வெட்டரும் நார்வேக் கம்பளி இல்லை. உள்பக்கச் சீட்டில் அக்ரிலிக் என்று இருந்தது. அதை வீட்டில் வந்துதான் படித்தேன். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன், அரிக்கிறது.)

நடப்பது இதுதான். குரோனரில் கட்டினால் உங்கள் கார்டு நிறுவனத்தின் மாற்று விகிதம், அதன்மேல் வங்கிக் கட்டணம். ரூபாயில் கட்டினால் விகிதத்தை வைப்பவர் கடைக்காரருக்கு மெஷின் கொடுத்தவர். தன் லாபத்தை அதற்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார். ‘கமிஷன் இல்லை’ என்று போட்டிருந்தாலும் விகிதத்தில் ஒளிந்திருக்கும். அதோடு விட்டதா என்றால் இல்லை. வெளிநாட்டுக் கடை என்பதால் சில வங்கிகள் அதற்கும் ஒரு கட்டணம் போடும். ஒரே ஸ்வெட்டருக்கு இரண்டு பேருக்கு மொய்.

நார்வேயில் காப்பியிலிருந்து கட்டணக் கழிப்பறை வரை கார்டில்தான் நடக்கும். ஆகவே இந்தக் கேள்வி உங்களைத் துரத்திக்கொண்டே வரும், ஏடிஎம்மிலும் வரும். ஒவ்வொரு முறையும் குரோனர். கடைப் பையன் உங்களைக் கேட்காமல் ரூபாயை அமுக்கிவிட்டால், அங்கேயே நின்று ரத்து செய்து திரும்பப் போடச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

கே: வாடகைக் கார் எடுத்து ட்ரொன்ஹைம் மட்டும் ஓடினோம். ஒரு இடத்திலும் சுங்கச்சாவடியே இல்லை. இப்ப ஆறு கிழமை கழித்துச் சுங்கப் பில் அனுப்பியிருக்கிறார்கள். மோசடிதானே? (லண்டன்)

ப: மோசடி இல்லை. அங்கே சாவடிக்குப் பதில் கேமரா. பில் கார் நிறுவனம் வழியாக ஆற அமர வரும். ‘நிர்வாகக் கட்டணம்’ என்று தனியாக ஏதும் போட்டிருந்து அது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதை மட்டும் தட்டிக் கேளுங்கள்.

கே: லோஃபோட்டனில் நாலு நாள் வீடு எடுத்தோம். ‘வெளிச்சம் புகாத திரை உண்டு’ என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் சல்லாத்துணி. மூன்று வயது மகள் ராத்திரி ரெண்டு மணிக்கு “பார்க் போலாம்மா” என்கிறாள். ஊர் திரும்பியாயிற்று. இனிமேல் பணம் கேட்கலாமா? (திருச்சி வாசகி)

ப: கேளுங்கள் அம்மா. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், அவர்கள் நாளைக்கே திருத்திவிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அறைக்குள் எடுத்த போட்டோ ஏதாவது போனில் இருக்கிறதா? நேரத்தோடு பதிவாகியிருக்கும், அதைவிடச் சாட்சி வேண்டாம். முன்பதிவு செய்த தளத்தின் வழியாகவே எழுதுங்கள், பகுதித் தொகையாவது கேளுங்கள். முதல் ராத்திரியே எழுதியிருந்தால் கை இன்னும் ஓங்கியிருக்கும். தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு யார் எழுதுவார்கள்!

அடுத்து போகிறவர்கள் ஒரு அலுமினியத் தாள் சுருளும் டேப்பும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலில் ஒட்டினால் கும்மிருட்டு.

கே: வடக்கே கொசு அதிகமாமே? அல்ட்ராசோனிக் கைப்பட்டை எந்த பிராண்டு நல்லது? (சேலம்)

ப: எதுவும் இல்லை. நானும் ஒன்று வாங்கினேன். காராஷோக்கில் அதன் மேலேயே உட்கார்ந்து கடித்தது. மருந்துக்கடையில் தடவுகிற திரவம் வாங்கிக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கே: தண்ணீர் பாட்டில் அநியாய விலை. பத்து நாளில் இருபது பாட்டில் வாங்கியிருப்போம். எங்கே மலிவு? (வேலூர்)

ப: குழாயில். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். காலி பாட்டிலை என்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள், சின்னதுக்கு 2 குரோனர், பெரியதுக்கு 3. பல்பொருள் அங்காடியில் இருக்கும் மெஷினில் போட்டால் திரும்பி வரும். குறைந்தது 40 குரோனரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.