பழைய டெஸ்க்டாப்புக்கு 15,000 ரூபாய்: எதில் போடலாம்?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2014-இல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-4460, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். மகள் டேலி பழகுகிறாள். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் மெஷின் தயாராவதில்லை. மழைக்காலத்தில் சில நாள் காலையில் ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்கிறார்கள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. போடலாமா?"

கிராபிக்ஸ் கார்டு போட வேண்டாம். உங்கள் மெஷின் திணறுவது ஹார்ட் டிஸ்க்கில். நீங்களே பார்த்துவிடலாம். அடுத்த முறை மெதுவாகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' 100 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 'மெமரி'யும் நிரம்பி வழியும். இரண்டும் ஒரே நோய்தான். 4 ஜிபி ரேம் போதாமல் போனதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஓட்டுகிறது. சுழலும் டிஸ்க் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் எடுக்கும். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பத்திரிகை வேலைக்கு உங்கள் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4600 கிராபிக்ஸ் தாங்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், உங்களுடையது 4-ஆம் தலைமுறை. ஆகவே இந்த போர்டுக்கு இன்னும் ஓரிரு வருட உழைப்புத்தான் மிச்சம். நாளைக்கு வேறு மெஷினுக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய பாகத்தில் தாராளமாகப் போடுங்கள். இந்த போர்டோடு போகிற பாகத்தில் சிக்கனமாக இருங்கள். ஐ7-4770 பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று ப்ராசஸர் மாற்றுவதும் இந்தக் கணக்கில் தேறாது.

முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் மாட்டுவது), 500 ஜிபி அளவில். ஐயாயிரத்துக்கு மேல் கேட்டால் 256 ஜிபி எடுங்கள், டிசைன் கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 என்விஎம்இ வகை வேண்டாம்; எச்81 போர்டில் பொதுவாக அதற்கு இடமும் இல்லை, அடாப்டர் போட்டாலும் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது. இந்த சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட்டுகள் உண்டு. இரண்டு மட்டுமே 6 ஜிபிபிஎஸ், மற்றவை 3. போர்டிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வேகமானதில் செருகுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோடு 'ஏஎச்சிஐ' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுக்காமல் (குளோன்) புதிதாகவே நிறுவுங்கள். பத்து வருடக் குப்பை கூடவே வராது.

ரேமுக்கு டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ், 8 ஜிபி ஒன்று போதும். பழைய 4 ஜிபியையும் பக்கத்தில் விட்டுவைத்தால் 12 ஆகும். அளவு வேறாக இருப்பதால் கெடுதல் இல்லை. டிடிஆர்3எல் என்று எழுதியிருந்தாலும் இந்த போர்டில் ஓடும். ஏமாறும் இடம் வேறு. வியப்பூட்டும் விலையில் ஆன்லைனில் வரும் சில டிடிஆர்3 ரேம்களில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று ஒரு மூலையில் இருக்கும். அவை இன்டெல் போர்டில் வேலை செய்யாது. டிடிஆர்3 இன்று பெரும்பாலும் கைமாறிய சரக்குதான் என்பதால், சென்னை ரிட்ச்சி ஸ்ட்ரீட் வரை போய் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு வாரத்தில் மாற்றித் தரும் கடலூர்க் கடையோ புதுச்சேரிக் கடையோ நல்லது. அந்த வாரத்துக்குள் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழைநாள் கறுப்புத் திரைக்கு அநேகமாகக் கடல் காற்றுதான் காரணம். ரேமின் விளிம்பில் ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறத் தகடுகளில் உள்ள பூச்சு மிக மெல்லியது. உப்பு ஈரம் அதன் நுண்துளை வழியாக அடியிலுள்ள உலோகத்தை அரித்து, மங்கலான படலம் உண்டாக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்பு விட்டுப்போகும். பவர் கார்டைப் பிடுங்கி, ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். ரேமைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் மேலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் மென்மையாகத் தேயுங்கள். துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் ஸ்லாட்டில் விழும். உப்புத்தாள் தொடவே கூடாது, பூச்சே போய்விடும். பிறகு கேபினெட்டைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, கடல் பக்க ஜன்னலைவிட்டு நகர்த்தி வையுங்கள். மழை மாதத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடட்டும். உள்ளே சூடு ஏறினால் ஈரம் தங்காது.

இதற்குப் பிறகும் சில நாள் அடம்பிடித்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி மேல். பத்து வருடம் ஓடியதை எப்படியும் மாற்றிவிடுவதே நல்லது. அது போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வாங்கும்போது பெட்டியில் உள்ள '450 வாட்' என்ற பெரிய எழுத்தை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 36 என்றிருந்தால் 432 வாட், சொன்ன சொல் நிஜம். 16 என்றிருந்தால் 192 வாட்தான். மீதி வெறும் ஸ்டிக்கர். '80 பிளஸ் ப்ரான்ஸ்' (80 Plus Bronze) என்ற மின் திறன் முத்திரையுள்ள 450 வாட் போதும், அடுத்த மெஷினுக்கும் அதுவே வரும். பழையதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? மூன்றாவது பின்னில் எர்த் வரவில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை உடம்புத் தகட்டுக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். எலெக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள், பாகங்கள் பிறகு.

கணக்கு: எஸ்எஸ்டிக்கு 5,000, ரேமுக்கு 2,000, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 3,500 என்று உச்ச வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மீதி 4,500-ஐத் தொடாமல் அடுத்த போர்டுக்கு ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் பழைய டிஸ்க்கில் உள்ள டிசைன்களை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ முழுவதும் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05, சி5 என்ற வரிகளைப் பாருங்கள். அங்கே 'ரா வேல்யூஸ்' (Raw Values) பத்தியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் இனி வைக்காதீர்கள்.