பிலோமினாவுக்கு எதற்கு ஆய்தம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் பக்கத்தை இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. அடுத்த மாதம் ஞானஸ்நானம். என் அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர் பிலோமினா. என்னை வளர்த்தது அவர்தான். அந்தப் பெயரையே வைக்க ஆசை. வீட்டுக்காரர் ‘கிழவி பெயர்’ என்கிறார். ‘அந்தப் புனிதையை ரோமிலேயே எடுத்துவிட்டார்கள்’ என்று கொழுந்தன் போனில் காட்டுகிறார். பொருள் தேடினால் ஒரு இடத்தில் ‘ஒளியின் மகள்’, இன்னொரு இடத்தில் ‘வலிமையின் தோழி’. எது சரி? என் நாத்தனார் டீச்சர். பிலோமினா என்பது கொச்சை, ஃபிலோமினா என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். பிரெஞ்சில் பிலோமேன் என்று வைத்தால் கொஞ்சம் நவீனமாக இருக்குமா? எண்கணிதம் பார்ப்பவர் ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு எச் சேர்க்கச் சொல்கிறார். ஒரே குழப்பமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள மகளே,

நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, என் பெண்ணுக்கே உன்னைவிட வயசு கூட இருக்கும். முதலில் குழந்தைக்கு ஒரு முத்தம். நாற்பது நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர், கொழுந்தன், நாத்தனார், சோசியக்காரர் என்று இத்தனை பேருடைய பேச்சையும் வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறாயே, தூங்குவது எப்போது?

பெயர் வைப்பது பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உனக்கு எழுதுவதற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. போன மாதம் வீட்டுப் பத்திரத்தைத் தேடி அதைத் திறந்தேன். பத்திரம் கிடைக்கவில்லை, அத்தையின் காகிதங்கள் கிடைத்தன. அத்தை பெயரும் பிலோமினாதான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவில் பிலோமேன். ரேஷன் கார்டில் பிலோமினாள். வாக்காளர் அட்டையில் பிலோமீனா. ஆதாரில் பிலோமினி, அது யார் விரல் சறுக்கியதோ. நாலையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் உன் கடிதம் வருகிறது.

எண்கணிதக்காரருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று தெரியவில்லை, அந்தக் காசில் பிள்ளைக்கு இரண்டு பருத்திச் சட்டை எடுத்திருக்கலாம். அந்த எச் பற்றி இதற்கு மேல் பேச மாட்டேன். கிழவி பெயர் என்கிற பேச்சுக்கும் பதில் கிடையாது, உன் வீட்டுக்காரர் மனசில் வைத்திருக்கும் பெயர் இன்னும் அறுபது வருஷத்தில் எந்தக் கிழவிக்கு இருக்கும் என்று மட்டும் அவரிடம் கேள்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் பிலூமெனே என்றால் நேசிக்கப்படுபவள், அன்புக்குரியவள். வலிமையின் தோழி என்பது அதே கிரேக்கத்தில் வேறொரு சொல்லை வாலில் ஒட்டிச் சொல்வது. ஒளியின் மகள் என்பது லத்தீன். லத்தீனில் மகளுக்கு ஃபீலியா, ஒளிக்கு லூமென், இரண்டையும் சேர்த்துப் பக்தியில் கட்டிய பூமாலை அது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. நம் ஆட்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஸ்தெபனோஸ் என்றால் கிரேக்கத்தில் மகுடம் என்று தெரிந்து ஸ்தேபானை முடியப்பர் ஆக்கினார்கள், பவுல் என்றால் லத்தீனில் சின்னவர் என்று தெரிந்து சின்னப்பர் ஆக்கினார்கள். பிலோமினாவை மட்டும் ஏனோ மொழிபெயர்க்காமல் அப்படியே வாயில் போட்டு மென்றுவிட்டார்கள்.

கொழுந்தன் போனில் காட்டியது பொய்யில்லை, ஆனால் பாதிதான். 1802 மே மாதம் ரோமில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில் ஒரு குழியை மூன்று சுட்ட மண் ஓடுகளால் மூடியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் எலும்புகள். ஓடுகளில் நங்கூரம், அம்பு, குருத்தோலை எல்லாம் வரைந்து, சிவப்பில் எழுத்தும் எழுதியிருந்தது. வரிசையாகப் படித்தால் ‘லூமேனா – பாக்ஸ் தே – கும் ஃபி’. ஒன்றும் புரியாது. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் ‘பாக்ஸ் தேகும் ஃபிலூமேனா’, உனக்குச் சமாதானம் உண்டாகட்டும் ஃபிலூமேனா என்று வந்துவிடுகிறது. கொத்தனார் அவசரத்தில் ஓட்டை மாற்றி வைத்தாரா, இல்லை பழைய கல்லறையின் ஓடுகளைக் கொண்டுவந்து வேறொரு பெண்ணை மூடினார்களா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. 1805ல் அந்த எலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்தில் முஞ்ஞானோ என்ற சின்ன ஊருக்குப் போயின. 1835ல் லியோன் நகரத்துப் பவுலின் ஜாரிக்கோ என்ற பெண் சாகக்கிடந்த நிலையில் அங்கே போய்ச் சுகமாகித் திரும்பினார் என்று பிரான்சு முழுக்கப் பேச்சானது. பிரான்சில் ஆர்ஸ் என்ற ஊரின் பங்குசாமி ஜான் மரிய வியான்னி தன்னிடம் நடந்த புதுமைகளுக்கெல்லாம் பிலோமினாவைத்தான் கைகாட்டினார். அந்த ஜாரிக்கோ அம்மாள்தான் வேதபோதக நாடுகளுக்கு உதவ 1822ல் லியோனில் தொடங்கிய சங்கத்துக்கு மூலகாரணம், அந்தச் சங்கத்துக் காசில்தான் பாரீஸ் மிஷன் சாமியார்கள் புதுச்சேரி வரை வந்து வேலை பார்த்தார்கள். இந்தப் பெயர் அந்தக் கப்பலில்தான் நம் ஊரில் இறங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

1961ல் ரோம் பிலோமினாவின் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுக்கச் சொன்னது. பெயரை வைக்காதே என்று சொல்லவில்லை. மைசூரில் அவர் பெயரில் இருக்கிற அவ்வளவு பெரிய கோயில் 1961க்குப் பிறகு இடிந்து விழவும் இல்லை. கொழுந்தனிடம் இதைச் சொல், அப்புறம் அந்த போனை வாங்கி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொல்.

இப்போது உன் நாத்தனாரிடம் வருகிறேன். டீச்சர் என்று எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. கொச்சை என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு காந்தும். கேள். கிரேக்கத்தில் அந்தப் பெயர் தொடங்குகிற எழுத்து, பழைய காலத்தில் ‘ஃப’ இல்லை, ‘ப’தான். ப சொல்லும்போது கூடவே கொஞ்சம் மூச்சு விடுவது, இந்திக்காரர்கள் பழத்தை ‘பல்’ என்பார்களே, அந்த ப. எப்படித் தெரியும் என்று கேட்பார், டீச்சர் ஆயிற்றே. ரோமானியர்களிடம் எஃப் என்ற எழுத்து கைவசம் இருந்தது. கிரேக்க ஒலி எஃப் ஆக இருந்திருந்தால் அதையே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். போடவில்லை. பி-யையும் எச்-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடுபட்டு எழுதினார்கள், ஏனென்றால் காதில் விழுந்தது ப-வும் மூச்சும். நாள் பட நாள் பட அந்த ஒலி தேய்ந்து ஃப ஆனது, இன்றைய கிரேக்கர் ஃப என்றுதான் சொல்கிறார். அந்தக் கல்லறை ஓட்டில் எழுதியவரே எச்சை விட்டுவிட்டு எஃப் போட்டிருக்கிறார் பார், படித்த லத்தீன்காரர் யாராவது அன்று அங்கே நின்றிருந்தால் ‘கொச்சை’ என்று சொல்லி அவர் தலையில் குட்டியிருப்பார். ஆக, ஃ போட்டால் சுத்தம் என்று உன் நாத்தனார் நினைக்கிறாரே, அந்த ஃ-தான் தேய்ந்தது. மீன் விற்கிற நம் பெண்கள் ‘பிலோமினா’ என்று கூப்பிடும்போது வருகிற ப, ஏதென்சுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

தமிழ்ப்பக்கமும் பார்த்துவிடுவோம். ஆய்தம் எங்கே வரும்? குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவில். அஃது, எஃகு. தொல்காப்பியத்தில் இருக்கிறது, இதுவும் டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லுக்கு முதலில் ஆய்தத்தைத் தூக்கி வைத்து எஃப்-க்கு வேலை செய்யச் சொன்னது அச்சுக்காரர்கள் நேற்று செய்த ஏற்பாடு. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நானும் மேலே வைத்துக்கொண்டேன். அதற்காக அது இல்லாமல் நூறு வருஷமாகப் பெயர் எழுதியவர்களைத் தப்பு என்று சொல்ல யாருக்கு உரிமை?

எல்லா மொழியும் இதைத்தான் செய்கிறது. இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கீசியர் எல்லாரும் ஃபிலோமேனா, பிரெஞ்சுக்காரர் வாலை வெட்டி ஃபிலோமேன். அயர்லாந்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு பிலோமினா. 2021 ஜனவரியில் மாட்ரிட்டைப் பனியில் புதைத்த புயலுக்கும் ஃபிலோமேனா என்றுதான் பெயர், நம்மை 2011 டிசம்பரில் புரட்டிப்போட்ட புயலுக்கு ‘தானே’ என்று வைத்த மாதிரி. இத்தாலியில் செல்லமாக மேனா என்பார்கள். எங்கள் அத்தையைத் தெருவில் மீனா என்பார்கள். இரண்டு ஊரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை.

பழைய கணக்கும் ஒன்று இருக்கிறது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் ‘பொதுகே’ என்றொரு துறைமுகம் வருகிறது, அது நம் புதுச்சேரி, அரிக்கமேட்டுப் பக்கம்தான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். 1945ல் தொல்லியல் அறிஞர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் ஒயின் சாடிகள் உடைந்து கிடந்தன. நம் ஊர்ப் பெயரை அவர்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி பொதுகே ஆக்கிக்கொண்டார்கள், நாம் ஏதாவது கேட்டோமா? உன் ஊரையே எடுத்துக்கொள், ஆறுகள் கூடுகிற கூடலூர், இன்று கடலூர். எங்கள் மிஷன் வீதி மாதா கோயிலைச் சம்பா கோயில் என்பார்கள். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் சீக்கிரம் புரியும். புனித பவுல் என்ற பெயர் வாயில் தேய்ந்து நெல் வகை ஆகிவிட்டது, அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன் போலிருக்கிறது. மாமா சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா போய்த் திரும்பியவர். அவர் போன பிறகு விதவைப் பென்ஷனுக்கு அத்தை எழுதிப் போட்டார். கல்யாணப் பதிவில் பிலோமேன், கையில் இருக்கிற அட்டையில் பிலோமினாள். ஒரு அலுவலகத்தில், பெயரைச் சொல்லப்போவதில்லை, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக் கொண்டுவா என்றார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். எட்டு மாதம். ஒரு தடவை நோட்டரி முத்திரை மங்கல், ஒரு தடவை சாட்சி கையெழுத்து போதாது. எனக்கு அங்கே நின்று கத்த வேண்டும் போல இருக்கும். அத்தை வாயில்புடவை கசங்காமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியாக அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பையன், ‘இதுல உங்க உண்மையான பேர் எதும்மா?’ என்று கேட்டான். ‘எதை வேணா கூப்பிட்டுப் பாரு தம்பி, எல்லாத்துக்கும் நான்தான் திரும்பிப் பார்ப்பேன்’ என்றார் அத்தை. அவன் சிரித்துவிட்டான். பென்ஷன் அதற்கப்புறமும் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது, அது வேறு.

அதனால் பிலோமேன் என்று வைக்கலாமா என்று கேட்டாயே, தாராளமாக வை, நீயும் உன் ஆயாவை அப்படித்தான் கூப்பிட்டிருந்தால். நவீனமாக இருக்கும் என்பதற்காக என்றால் வேண்டாம். ஆயா இடுப்பில் உட்கார்ந்து நீ எந்த எழுத்தில் கூப்பிட்டாயோ அதை எழுது. பிறப்புச் சான்றிதழில் ஒரே எழுத்தாகப் போடச் சொல், தமிழிலும் ஆங்கிலத்திலும் நீயே பார்த்துச் சரி செய்து வாங்கு, அதில் மட்டும் சோம்பல் பட்டால் உன்னை விடமாட்டேன். எட்டு மாதம் அலைந்தவள் சொல்கிறேன்.

ஞானஸ்நானத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதே தகரப் பெட்டியில் அத்தை கன்னியர் மடத்தில் பூத்தையல் கற்றுக்கொண்டபோது போட்ட ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது, குழந்தையைச் சுற்றிக்கொள்ளக் காணும். மூலையில் சிவப்பு நூலில் ஒரே ஒரு பி எழுத்து. பக்கத்தில் எச் இல்லை, சோசியக்காரர் வந்தால் காட்டு.