ஒரே கியர், எத்தனை பல்?

கேள்வி: புது சிங்கிள் ஸ்பீடு சைக்கிளில் முன்னால் 46 பல், பின்னால் 16. வேளச்சேரியிலிருந்து தினமும் ஆபீசுக்கு 11 கிலோமீட்டர். ஓடும்போது சுகமாகத்தான் இருக்கிறது. சிக்னலில் கிளப்பும்போது முட்டி வலிக்கிறது.

பதில்: காலி ரோட்டுக்கான கியரை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். 46-ஐ 16-ஆல் வகுத்தால் 2.875. 28 மில்லிமீட்டர் அகல டயர் மாட்டிய '700' அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.14 மீட்டர் போகும். ஆக, பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 6.1 மீட்டர் நகர வேண்டும். நின்ற வண்டியை அப்படி இழுத்தால் முட்டி சும்மா இருக்குமா? பின்னால் 18 பல் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பின் பல்சக்கரம்) போடுங்கள், 5.5 மீட்டராகக் குறையும். வேகம் போய்விடுமே என்பீர்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் பழையதில் மணிக்கு 29 கிலோமீட்டர் சொச்சம், புதியதில் 26. காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரியில் அந்த 29-ஐ எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

அதே செயினோடு மாற்றினால், பெரிய பல்சக்கரம் செயினை அதிகம் இழுப்பதால் பின்சக்கரம் ஆறு மில்லிமீட்டர் போல முன்னால் நகரும். பிரேக் கட்டை ரிம்மின் உள் ஓரத்துக்கு இறங்கிவிடும். குனிந்து பார்த்து ஏற்றிக் கட்டுங்கள். சின்ன ஃப்ரீவீலுக்கு மாறினால் நேர் எதிர், கட்டை டயரைத் தின்னும். என் டயர் ஒன்று அப்படித்தான் போயிற்று.

கேள்வி: அப்பாவின் 28 இஞ்ச் சைக்கிளைத் தூசி தட்டியிருக்கிறேன், முன்னால் 44 பல், பின்னால் 18. சாயங்காலம் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனால் எதிர்காற்று கொல்கிறது.

பதில்: சக்கரம் பெரிது என்பதால் இதுவும் சுற்றுக்கு 5.5 மீட்டர்தான். ஆனால் வண்டியே இருபது கிலோவை நெருங்கும். நிமிர்ந்து உட்காருவதால் கடல்காற்று முழுக்க உங்கள் நெஞ்சில்தான் மோதும். அப்பா நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து, மணிக்கு இருபது கிலோமீட்டரில் நிதானமாகப் போயிருப்பார். உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் 20 பல் ஃப்ரீவீல், 4.9 மீட்டர்.

கேள்வி: ஃபிக்சட் கியர் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் வண்டி) ஓட்டுகிறேன், 48/16. பின் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து நூல் தெரிகிறது. மட்டமான டயரா?

பதில்: டயர் பாவம், கணக்குதான் குற்றவாளி. 48-ஐ 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3. பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. நிறுத்துவதற்காகக் காலால் பெடலைப் பூட்டிச் சறுக்கும்போதெல்லாம் கால் ஒரே நிலையில் நிற்கும், ரோட்டில் உரசுவதும் டயரின் அதே இடம். பின்னால் 17 போடுங்கள், 48 அதில் மீதியில்லாமல் வகுபடாது. தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும், மிதியும் கொஞ்சம் லேசாகும். முன் பிரேக் இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள்.

கேள்வி: குன்னூரில் ஓட்ட எந்த விகிதம்?

பதில்: எதுவும் வேண்டாம். ஏற்றத்துக்குத் தோதானது இறக்கத்தில் காலைச் சும்மா சுற்ற வைக்கும். கியர் வண்டி வாங்குங்கள்.