வே புரோட்டீன் பவுடர்: மாலைப் பசிக்குத் தினமும் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 60 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்தே செய்யும் வேலை. வாரத்தில் மூன்று நாள் நடைப்பயிற்சி உண்டு. மாலை ஐந்து மணிக்கு எடுக்கும் பசிக்கு பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட தேநீருமே பழக்கமாகிவிட்டன. அதற்குப் பதிலாக வே புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் குடிக்கும்படி நண்பர் சொன்னார். கடையில் பார்த்தால் ஒரே எடையுள்ள இரண்டு டப்பாக்களின் விலையில் பெரிய வித்தியாசம்; ஒன்றில் கான்சன்ட்ரேட் என்றும் மற்றதில் ஐசோலேட் என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்குவது? தினமும் குடித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: நாளுக்கு ஒரு முறை நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு இந்த அளவுப் புரதத்தால் அது கெட்டுவிடும் என்று அஞ்சக் காரணமில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் புரதத்தின் அளவையே மருத்துவர் கட்டுப்படுத்துவார் என்பதால், அவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ பல ஆண்டுகளாக இருப்பவர்களும் ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பால் புரதமே ஒவ்வாதவர்கள் இதைத் தொடக்கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்ற அளவில் மட்டும் தொல்லை உள்ளவர்கள், லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை மிகக் குறையும்படி மேலும் வடிகட்டிய ஐசோலேட்டைச் சிறிதளவில் தொடங்கிப் பார்க்கலாம்.

இது மருந்தும் அல்ல, மாயப் பொருளும் அல்ல. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது கட்டி தனியாகவும் நீர் தனியாகவும் பிரிகின்றன. அந்த நீர்தான் வே. பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீனாகக் கட்டியில் நின்றுவிட, எஞ்சிய 20 சதவீதம் இந்த நீரோடு வெளியேறுகிறது. அதை நுண்ணிய சல்லடைச் சவ்வுகளில் வடிகட்டி, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். எனவே நீங்கள் வாங்குவது பாலின் ஒரு பகுதியைத்தான். அதில் நார்ச்சத்து இல்லை. பழத்திலும் பயறிலும் கிடைக்கும் மற்றவையும் இல்லை. பிஸ்கட்டுக்குப் பதிலாகக் குடித்தால் உங்களுக்கு லாபம். பிஸ்கட்டையும் தின்றுவிட்டு இதையும் குடித்தால் 120 கலோரி கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். ஒரு கோப்பை முழுக் கொழுப்புப் பாலில் கரைத்தால் இன்னும் ஏறத்தாழ 150 கலோரி சேர்ந்துகொள்ளும் என்பதால், சிற்றுண்டியாகக் கொள்ள நினைக்கும் நீங்கள் தண்ணீரிலேயே கரைத்துக் கொள்ளுங்கள்.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அன்றாடப் புரத அளவு. உங்கள் எடைக்கு அது 50 கிராம். மூன்று வேளைச் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, தயிர், மீன் போன்றவை போதிய அளவு இருந்தால் இந்த 50 கிராம் அதிலேயே கிடைத்துவிடும். முதலில் இரண்டு நாள் சாப்பிடுவதை எழுதிக் கணக்குப் பாருங்கள். குறைகிறது என்றால் வாங்குங்கள். குறையவில்லை என்றால் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ மாலைப் பசிக்குப் போதும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குத் தேவை அதிகம். பயிற்சியே இல்லாமல் பவுடர் மட்டும் தசையை வளர்க்காது.

இனி விலைக்கு வருகிறேன். டப்பாவின் முன்பக்கத்தை மறந்துவிட்டு, திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வேளை அளவு எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்ற இரண்டு எண்களையும் எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 30 கிராமில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம். அதுவே நல்ல கான்சன்ட்ரேட். ஐசோலேட்டில் 90 சதவீதம் வரை இருக்கும், சுவையூட்டி சேர்ந்தால் சற்றுக் குறையும். 30 கிராமில் 18 கிராம் மட்டுமே இருந்தால் அது 60 சதவீதம். ஒரு கிலோ டப்பாவில் முதலாவது 800 கிராம் புரதம் தருகிறது, கடைசியாகச் சொன்னது 600 கிராம்தான் தருகிறது. ஆகவே அது கால் பங்கு விலை குறைவாகக் கிடைத்தாலும் மலிவாகாது. இரண்டும் ஒரே விலை என்றுதான் பொருள். விலையை மொத்தப் புரதக் கிராமால் வகுத்துப் பார்க்காமல் எந்த டப்பாவையும் வாங்காதீர்கள் என்று இந்தப் பகுதிக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் அனைவரிடமும் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் ஐசோலேட்டுக்குக் கூடுதல் பணம் தர அவசியமே இல்லை.

அடுத்து, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளில் விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ சர்க்கரையோ முதல் இரண்டு இடங்களில் இருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். கிளைசின், டாரின், கிரியேட்டின் ஆகியவை இருந்தால் கவனம் தேவை. பவுடரின் புரத அளவைச் சோதிக்கும் வழக்கமான முறை 1883இல் கெல்டால் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. கிளைசின் போன்ற, நைட்ரஜன் உள்ள மலிவான பொருளைக் கலந்துவிட்டால் கணக்கில் புரதம் ஏறிவிடும், டப்பாவில் ஏறாது. 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளைக் கலந்து குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கியவர்கள் பயன்படுத்தியதும் இதே ஓட்டையைத்தான். அமினோ அமிலப் பட்டியல் தந்திருக்கும் டப்பாவில் லியூசின் என்ற அமினோ அமிலம் எவ்வளவு என்று பாருங்கள்: 25 கிராம் வே புரதத்தில் ஏறத்தாழ இரண்டரை கிராம் இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் அந்த டப்பா நம் பணத்துக்குரியதல்ல. இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் போன்ற வெளி ஆய்வு முத்திரை இருந்தால், அதைத் தந்தவர்களின் இணையதளத்தில் அந்தப் பொருளின் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதோடு சேர்த்து இதைக் குடிக்கக் கூடாது. பாலின் கால்சியம் இதில் ஓரளவு இருப்பதால், மாத்திரை உடலில் சேர்வதைக் குறைத்துவிடக்கூடும். மாத்திரையைக் காலையில் சாப்பிடுபவர் என்றால் உங்கள் மாலை நேரம் அதற்கு இடைஞ்சலாகாது.

கேள்வி: புதிதாக வாங்கிய டப்பாவைத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கிறது. 33 வேளைக்கு வரும் என்று போட்டிருந்தது, 27ஆம் நாளே தீர்ந்தது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: காலி இடம் மட்டும் ஏமாற்றுக்குச் சான்றாகாது. நிரப்பும்போது காற்றோடு பொங்கி நிற்கும் பொடி, வண்டியில் குலுங்கி வரும்போது அமிழ்ந்துவிடும். நிகர எடைதான் கணக்கு. சீக்கிரம் தீர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கரண்டிதான். என் வீட்டுத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தபோது, பொடியைத் தளர்வாக அள்ளித் தலைதட்டிய ஸ்கூப் 29 கிராம் இருந்தது. டப்பாவின் ஓரத்தில் அழுத்தி, குவியலாக எடுத்த அதே ஸ்கூப் 37 கிராம் வந்தது. அளவு போட்டிருந்ததோ 30 கிராம். உங்கள் 33 வேளை 27ஆகச் சுருங்கியதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். அடுத்த டப்பாவைத் திறந்ததும் பொடியை வேறொரு பாத்திரத்தில் கொட்டி நிறுத்துப் பாருங்கள். நிகர எடையைவிடத் தெளிவாகக் குறைந்தால், தராசு எண் தெரியும்படி படமெடுத்து, பில்லோடும் டப்பாவின் அடியிலுள்ள பேட்ச் எண்ணோடும் விற்றவருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். அதன் பிறகு கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: சூடான பாலில் போட்டால் சத்து போய்விடுமா?

பதில்: போகாது. வேகவைத்த முட்டையில் புரதம் போய்விடுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். கொதிக்கும் பாலில் நேரே கொட்டினால் பொடி திரண்டு கட்டிகட்டியாகும், குடிக்க நன்றாக இருக்காது. முதலில் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்குங்கள். கலக்கியதை உடனே குடித்துவிட வேண்டும். ஷேக்கரையும் அப்போதே கழுவிவிடுங்கள், மறுநாள் காலை அதன் மூடியைத் திறந்து முகர்ந்தால் காரணம் தெரிந்துவிடும்.