பின் ஆக்சிலை மாற்றுங்கள், டிஃப் லாக் இப்போதைக்கு வேண்டாம்

கேள்வி: கரூர் பக்கம் சொந்தமாக டிப்பர் ஓட்டுகிறேன். வயது 38. வண்டி 2013 மாடல், ஆறு சக்கரம். நான்கு வருஷத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் எடுத்தது. டியூ போன பங்குனியோடு முடிந்தது. கிரஷரிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கிறேன், நடைக்கு மூன்றரை யூனிட். டீசல் போக நாளுக்கு 3,500 ரூபாய் நிற்கும், மாதம் 22 நாள் ஓடும். டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., ஆயில் எல்லாம் கழித்தால் கைக்கு 52,000. வீட்டுச் செலவு 30,000.

இப்போது பின் ஆக்சில் ஊளையிடுகிறது, அதன் வெளிக்கூடான ஹவுசிங்கிலும் விரிசல். உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடியை, அதாவது கிரவுன் பினியன் செட்டை மாற்றி, விரிசலை வெல்டு வைத்துத் தர மெக்கானிக் 85,000 கேட்கிறார், ஒரு வாரம் ஆகுமாம். வண்டி உடைக்கும் யார்டில் முழு ஆக்சிலாகவே எடுத்துப் போட்டால் 1,40,000, மூன்று நாள் வேலை. டிஃப் லாக், அதாவது இரண்டு பக்கப் பின் சக்கரமும் சேர்ந்து சுற்றும்படி பூட்டும் சாமான், உள்ள ஆக்சில் என்றால் 2,05,000. போன மழைக்காலத்தில் பத்து தடவை சேற்றில் மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஜேசிபிக்கு 1,500, அரை நாள் வேலையும் போனது. அதனால் லாக் போட்டுவிடலாம் என்று ஆசை. பைனான்ஸில் 2 லட்சம் தருகிறார்கள், ஒரு ரூபாய் வட்டி, 24 மாதம். பேங்கில் 90,000 இருக்கிறது, மனைவிக்கு 14 பவுன் நகை இருக்கிறது. அதை வைக்க அவருக்கு மனமில்லை. வண்டியை இப்படியே கொடுத்தால் 4.5 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா? இந்தச் செலவை வரியில் கழிக்க முடியுமா? என்ன செய்யலாம்?

பதில்: ஆக்சில் மாற்றுவது ஒரு செலவு, லாக் போடுவது வேறொரு செலவு. யார்டுக்காரர் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்ததால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. முதலாவதைத் தள்ளிப்போட முடியாது, அது உங்கள் சோறு. இரண்டாவது முதலீடு, தனியாக உட்கார வைத்துக் கணக்குக் கேட்க வேண்டும்.

முதலில் 85,000 ரூபாய் யோசனை. மலிவாகத் தெரிகிறது. ஆனால் வண்டி ஒரு வாரம் நின்றால் 24,500 போகிறது, ஆக மொத்தம் 1,09,500. முழு ஆக்சிலுக்கு மூன்று நாள் இழப்பையும் சேர்த்து 1,50,500. உண்மையான வித்தியாசம் 55,000 இல்லை, 41,000தான். அந்த 41,000ஐ மிச்சப்படுத்தினால் கையில் இருப்பது வெல்டு வைத்த ஹவுசிங். பின்பக்க பாரம் முழுவதையும் தாங்குவது அந்தக் கூடுதான். வெல்டு சூட்டில் அது நூலிழை கோணினால்கூட, உள்ளே கிரவுனும் பினியனும் சரியாகப் பல் பொருந்தாது. புது செட்டையே தின்றுவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சங்ககிரியில் என் சித்தப்பா ஒரு லாரி வைத்திருந்தார். அவரும் இதே மாதிரி வெல்டு வைத்து ஓட்டினார். மூன்றாம் மாதம் கியர் ஆயிலை வடித்தபோது வடிகால் போல்ட்டை என் கையில் கொடுத்தார். அதன் முனையில் காந்தம் இருக்கும். வெள்ளிப்பொடி அப்பினால் தேய்மானம் என்று விடலாம். அன்றைக்கு அதில் ஒட்டியிருந்தது அரிசிக் குருணை அளவுக்கு இரும்புத் துண்டு. அடுத்த வாரம் வண்டி சேலம் ரோட்டில் இரண்டு நாள் படுத்தது. முழு ஆக்சிலே போடுங்கள்.

யார்டில் பணத்தை எண்ணுவதற்கு முன்பு பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 6 என்றால் ரேஷியோ 6.83, குவாரி ஏற்றத்துக்கு இது மாதிரிதான் வேண்டும். 37க்கு 9 என்றால் 4.11, அது நெடுந்தூரம் ஓடிய லாரியில் கழற்றியது. வேகம் வரும், ஏற்றத்தில் திணறும், கிளட்ச் பிளேட் எரியும், டீசல் குடிக்கும். விலையில் 10,000 குறைத்தார் என்று அதை வாங்கினால் வருஷம் முழுக்க அபராதம் கட்டுவது போலத்தான். பிரேக் டிரம் அளவும் உங்கள் பழைய ஆக்சிலோடு ஒத்துப்போக வேண்டும். எந்த வண்டியில் கழற்றியது என்று நம்பரோடு பில் வாங்குங்கள்; திருட்டு வண்டிச் சாமான் என்று பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது. யூ போல்ட், ஆயில் சீல், கியர் ஆயில் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும், அதற்கு 8,000 ஒதுக்குங்கள். புது சாமானுக்குப் பழைய எஸ்டிமேட் ஏதாவது வைத்திருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிப்பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது.

இனி லாக். ஆக்சிலின் நடுவில் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சமமான இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் சேற்றில் பிடிமானம் இல்லாமல் வழுக்கினால், அந்த வழுக்கும் சக்கரத்தால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவே கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். அதனால்தான் ஒன்று சும்மா சுழல்கிறது, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. லாக்கைப் போட்டால் இரண்டும் ஒரே உடம்பு மாதிரி சேர்ந்து சுற்றும், கெட்டித் தரையில் உள்ளது வண்டியை வெளியே தள்ளிவிடும். நல்ல சாமான்தான், மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். லாக்குக்கு மட்டும் கூடுதல் விலை 65,000. பத்து தடவை மாட்டியதில், தடவைக்கு ஜேசிபி 1,500, அரை நாள் 1,750; மொத்தம் 32,500. இரண்டே வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும் என்று தோன்றும். அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுழன்று நின்றது எத்தனை தடவை? இரண்டு பக்கமும் புதைந்து, ஆக்சிலே மண்ணில் உட்கார்ந்தது எத்தனை தடவை? இரண்டாவது வகைக்கு லாக் போட்டாலும் ஜேசிபிதான். பாதிக்குப் பாதி என்று வைத்தால் வருஷத்துக்கு மிச்சம் 16,000. 65,000 திரும்பி வர நான்கு வருஷம். 2013 மாடல் வண்டியை இன்னும் நான்கு வருஷம் இதே குவாரியில் ஓட்டுவேன் என்று உங்களால் இன்றைக்கு அடித்துச் சொல்ல முடியுமா?

இன்னொன்று, வண்டியை எப்போதும் நீங்களேதான் ஓட்டுகிறீர்களா, அல்லது மச்சான், சகலை யாராவது கை மாற்றுவார்களா? லாக்கை எடுக்க மறந்து தார் ரோட்டில் வளைத்தால், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு, வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். டயர் தேயும், ஆக்சில் ஷாஃப்ட் உடையும். சேற்றில் மட்டும், மெதுவாக, நேராக. வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த ஒழுக்கம் உங்களுக்கு இருக்கும், அடுத்தவருக்கு இருக்குமா?

ஆகவே இந்த வருஷம் லாக் வேண்டாம். பிற்பாடு லாக் பொருத்த வசதியுள்ள ஹவுசிங்கா என்று மட்டும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்து எடுங்கள். ஐப்பசிக்கு முன்பு பின் டயர் பட்டன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்; மொட்டையான டயரில் ஓடுகிறவருக்கு லாக் இருந்தும் அரை உபயோகம்தான். அடுத்த மழையில் எத்தனை தடவை மாட்டுகிறது, எப்படி மாட்டுகிறது என்று டைரியில் குறித்து வையுங்கள். ஒற்றைச் சக்கரம் சுழன்றதே ஏழெட்டு தடவை வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கு மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டி மாடலில் ஆர்.சி.யில் மொத்த எடை 16.2 டன் என்று இருக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஜல்லி என்றால் ஏறத்தாழ 4.25 டன். மூன்றரை யூனிட் கிட்டத்தட்ட 15 டன். காலி வண்டி 6 டன் என்றால் சேர்த்து 21. சுமை கால் பங்கு கூடினாலே பேரிங்கின் ஆயுள் பாதியாகும், நீங்கள் கால் பங்கையும் தாண்டி ஏற்றுகிறீர்கள். ஆக்சில் ஏன் போனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிடித்தால் ஓவர்லோடுக்கு 20,000, மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உங்களுக்கு 30,000 வரை வரும். மூன்று யூனிட்டாகக் குறைத்தாலும் சட்டப்படி அதிகம்தான், இரண்டரைகூட விளிம்பைச் சற்றுத் தாண்டும். கிரஷர் ரேட் அப்படித்தான் கட்டியிருக்கிறது, எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், தெரியும். ஆனால் ஆக்சிலுக்கு அது தெரியாது. பெரிய வண்டியின் ஆக்சிலைப் போட்டால் கூட ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்சில் மாறினாலும் ஆர்.சி.யில் எடை மாறாது.

இன்ஷூரன்ஸில் இதற்குக் கிடைக்காது. தேய்மானம், இயந்திரக் கோளாறு, அதிக பாரத்தால் வந்த சேதம் எல்லாமே பாலிசியில் விலக்கு. வரியிலும் தனியாகக் கழிக்க வழியில்லை, நீங்கள் 44ஏஇ எனப்படும், லாரிக்காரர்களுக்கான உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறீர்கள் என்றால். அதில் 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுப்பார்கள். உங்களுக்கு வருஷத்துக்கு 1,94,400. அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாக நீங்களே காட்டினால் அந்தத் தொகை. ரிப்பேர், தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். வண்டி ஷெட்டில் நின்ற மாதமும் கணக்கில் உண்டு.

வண்டியை இப்படியே விற்பதா? உடைந்த வண்டிக்குக் கேட்கும் விலை உடைந்த விலைதான். விற்றுவிட்டு வேறு வண்டிக்கு 20 லட்சம் கடன் வாங்கினால், 11 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு டியூ மாதம் 43,500 வரும். வீட்டுச் செலவு போக உங்களிடம் நிற்பது 22,000. இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாகக் கடன். “ஒரு ரூபாய் வட்டி” காதுக்கு இனிமையாக இருக்கும். 2 லட்சத்துக்கு 24 மாதத்தில் வட்டி 48,000, மாதம் 10,333 கட்டுவீர்கள். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 2 லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்கு என்று கணக்கிட்டால் வருஷத்துக்கு 21.5 சதவீதத்துக்குப் பக்கம். வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஆக்சில் 1,40,000, சில்லறைச் சாமான் 8,000. பேங்கில் உள்ள 90,000இல் 48,000 எடுங்கள். மிச்சம் வீட்டுக்கு, வண்டி நிற்கும் நாட்களுக்கு. மீதி 1 லட்சத்தை வங்கியில் நகைக்கடனாக வாங்குங்கள். 14 பவுனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, இன்றைய விலைக்கு இரண்டு மூன்று பவுனுக்குள் முடிந்துவிடும். வட்டி 10 சதவீதமே என்று வைத்தாலும், மாதம் 10,000 அசலில் கட்டிப் பத்து மாதத்தில் மீட்டால் மொத்த வட்டி 4,600 ரூபாய் போல. இதே 1 லட்சத்தைப் பைனான்ஸில் அதே பத்து மாதத்துக்கு வாங்கினால் 10,000. நகைக்கடனை வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடனாகத்தான் பல கிளைகளில் எழுதுவார்கள். இடையிலேயே அசலில் கட்டினால் வட்டி குறையுமா என்று கவுண்டரிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவி தயங்குவதில் தப்பே இல்லை. வைத்த நகை எப்போது திரும்பும் என்று யாரும் அவருக்குத் தேதி சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். அடகுச் சீட்டு அவர் பீரோவிலேயே இருக்கட்டும். மாதம் 10,000ஐ அவர் கையில் கொடுங்கள், அவரே போய்க் கட்டி ரசீது வாங்கி வரட்டும்.